தும்பாக் கோயிலில் என் தாயார்

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் நால்வர் பாளையங்கோட்டையிலிருந்து காரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நான், என் மனைவி, பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த என் மகள், 78 வயதான என் தாயார். பயணத் திட்டத்தை வகுத்தவர்கள் முதல் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும்தான். தாயாருக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையும் கோட்டாறு சவேரியார் கோயிலும் வேண்டும். மகளுக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகம் வேண்டும். வண்டி ஓட்டுவதும் செலவு செய்வதும் இடைத் தலைமுறையின் கடமை என்று இருவரும் கருதியிருந்தனர் போலும்.

வள்ளியூரைக் கடந்ததும் காற்றாலைகள் தென்படத் தொடங்கின. கணவாயின் காற்று வண்டியையே சற்று அசைத்தது. காற்றாடிமலையில், 1752 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்ட பாறையருகே தாயார் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். 2022 மே 15 அன்று உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட நாள் முதலே தாயாருக்கு இந்த ஆவல். மாலையில் கோட்டாற்றில் அப்புனிதரின் கல்லறையில் செபமாலை சொன்னோம். இரவு நாகர்கோவிலில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். இதுவரை எல்லாம் இனிது. மறுநாளை எண்ணித்தான் எனக்கு உள்ளூர ஓர் அச்சம்.

அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் பார்க்கப் போகும் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் கோயிலாக இருந்தது என்பதைத் தாயாரிடம் நான் சொல்லவில்லை. மகளையும் சொல்லவிடவில்லை.

என் தாயார் பிறந்தது தென்கரையில் ஒரு சிற்றூர். என் பாட்டனார் அவ்வூர்க் கோயிலில் உபதேசியார். 1968 ஆம் ஆண்டு ஒரு பொதுப்பணிக்காக ஊர் நிலம் கேட்கப்பட்டது. அதிகாரிகள் வந்து கோயில் முற்றத்தில் மக்களைக் கூட்டிக் கேட்டபோது எவரும் வாய் திறக்கவில்லையாம். நெடு மௌனத்துக்குப் பின் என் பாட்டனார் எழுந்து, "நல்ல காரியத்துக்குத்தானே, எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். அவர் சொன்னபின் மற்றவர்களும் தலையசைத்தனர். ஒரு மாதத்தில் கோயில் இடிக்கப்பட்டது. சுரூபமும் மணியும் மாட்டுவண்டியில் ஏறி உள்நாட்டில் அமைந்த புதுக் குடியிருப்புக்குப் போயின. ஆனால் அந்தப் பொதுப்பணி அந்த நிலத்துக்கு வரவேயில்லை. உடைமரம் முளைத்துக் கிடந்தது. கடலை விட்டு வந்தவர்களின் கோபமெல்லாம் முதலில் எழுந்து நின்ற மனிதர் மேல் திரும்பிற்று. 1975 இல் அவர் இறக்கும்வரை புதுக் குடியிருப்பில் சிலர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. பாட்டியார்கூட அவரை ஒரு முறை மன்னித்தார், மறுமுறை மன்னிக்கவில்லை என்று வாழ்ந்தார். தாயார் அப்போது இருபது வயதைத் தாண்டிய பெண். பிறகு மணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவர், தம் பிறந்த மண்ணுக்கு இன்றுவரை போனதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார்.

இப்படிப்பட்டவரை ஒரு கோயிலுக்குள் அழைத்துச் சென்று, பீடம் இருந்த இடத்தில் ராக்கெட்டைக் காட்டுவது எப்படி? காரிலேயே உட்கார்ந்திருக்கும்படி சொல்லிவிடலாம் என்று கோழைத்தனமாக ஓர் எண்ணமும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே வந்தன. திருவனந்தபுரத்து நெரிசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் தென்னைகளும் மணலும். மகள் பின்னிருக்கையில் ஆச்சிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அது எனக்கும் பயன்பட்டது.

பூமி ஒரு பெரிய காந்தம். வடக்கே போகப் போகக் காந்த ஊசி தலை தாழ்ந்து மண்ணை நோக்கும். தெற்கே போனால் அதன் மறுமுனை தாழும். இரண்டுக்கும் நடுவே ஊசி எப்பக்கமும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு ஒன்று உண்டு. அதுவே காந்த நடுக்கோடு. அது தும்பாவை ஒட்டிச் செல்கிறது என்பதுதான் இந்த மீனவர் கிராமம் விஞ்ஞானிகளின் கண்ணில் பட்ட காரணம். அக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. அதை ஆராய வேண்டுமானால் பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக் கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாமல் விழுந்துவிடும். இரண்டும் எட்டாத அந்த இடைவெளிக்குள் சில நிமிடங்களாவது நுழைந்து வரக்கூடியது சிறு ராக்கெட் ஒன்றே.

"அப்படியென்றால் கடலுக்கு நேரே மேலே இன்னொரு ஆறு ஓடுகிறது என்கிறாய்" என்றார் தாயார். "ஆமாம் ஆச்சி, கண்ணுக்குத் தெரியாது." "தெரியாததை நம்புவது எங்களுக்குப் பழக்கந்தான்" என்று அவர் சொல்லவே, என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

வாயிலில் அடையாள அட்டைகளைக் காட்டி, பதிவு செய்து, உள்ளே போனோம். வெயிலில் வெண்மையாக நின்ற முகப்பையும் அதன் உச்சியில் இருந்த சிலுவையையும் தாயார் என்னைவிட முன்னதாகவே கண்டுவிட்டார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். முக்காட்டைச் சரிசெய்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், "ஏய்யா, இது எந்த அர்ச்சியசிட்டவர் கோயில்? பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

இனி மறைக்க வழியில்லை. "மரிய மதலேனம்மாள் கோயில், அம்மா. இப்போது பூசை கிடையாது. இதுதான் அருங்காட்சியகம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைந்தார்.

இந்தக் கடற்கரையில் விசுவாசம் இன்று நேற்று வந்ததன்று. 1544 ஆம் ஆண்டில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாக நடந்து, ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் அளித்ததை அவருடைய கடிதமே கூறுகிறது. அந்த வழிவந்த மீனவர்களின் கோயில் இது. 1960களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடன் உழைத்த விஞ்ஞானிகளும் ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடி இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற நிலத்தின் நடுவே கோயில், ஆயரின் இல்லம், மீனவர் குடில்கள். அப்துல் கலாம் தம் உரைகளில் அடிக்கடி நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இதுதான்: சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைச் சந்தித்தார். ஆயர் உடனே பதில் சொல்லாமல், ஞாயிறு பூசைக்கு வரச் சொன்னார். அன்று மக்களிடம், ஆண்டவரின் இல்லத்தையும் தம் இல்லத்தையும் உங்கள் இல்லங்களையும் விஞ்ஞானப் பணிக்காகத் தரலாமா என்று கேட்டார். கோயில் முழுவதும் 'ஆமென்' என்று ஒலித்தது.

உள்ளே ஒரு பணியாளர் வந்திருந்த மாணவர் கூட்டம் ஒன்றுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஆச்சியின் காதருகே தமிழில் சொன்னாள். தாயார் கேட்டுக்கொண்டே மேற்கூரையைப் பார்த்தார், சுவர்களைப் பார்த்தார். கோயில்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு ஒரு கட்டடத்தில் எது எங்கே இருந்திருக்கும் என்பது கைப்பழக்கம். "இங்கே பீடம். அங்கே பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்திருக்கும். பெண்கள் இந்தப் பக்கம் இருந்திருப்பார்கள்" என்று மெல்லச் சொன்னார். பெண்கள் இருந்திருக்கக்கூடிய பக்கத்தில் இப்போது ராக்கெட்டுகளின் சிறு வடிவங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றன.

நான் எதிர்பார்த்த வெடிப்பு நிகழவில்லை. அவர் மாதிரிகளைப் பார்த்தார். சிலவற்றின் முன் நின்று கேள்வியும் கேட்டார்.

1963 நவம்பர் 21 அன்று மாலை இங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்கி அப்பாச்சி என்னும் அந்த ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது சுமந்து சென்ற கருவி பிரான்சு நாட்டினுடையது. சோவியத் நாடு ஒரு ஹெலிகாப்டர் தந்தது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த வல்லரசுகள் ஒரு மீனவர் கோயிலின் முற்றத்தில் கூடியது இன்று நினைத்தாலும் வியப்பே. ராக்கெட்டைத் தூக்கி நிறுத்த வேண்டிய பாரந்தூக்கியின் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டுவிடவே, நின்றிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உடல் வலுவால் அதை ஏற்றினார்களாம். கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தி மயங்கும் வேளையில் உயரே போய்ச் சோடிய ஆவியை அது கக்கியது. தரையில் இருள் சூழ்ந்தாலும் அவ்வுயரத்தில் வெயில் இருக்கும். ஆகவே ஆவி செம்மஞ்சள் மேகமாக ஒளிர்ந்தது. அம்மேகம் எப்பக்கம் இழுபடுகிறது என்று பல இடங்களிலிருந்து படம் எடுத்து, அந்த உயரத்துக் காற்றைக் கணக்கிட்டார்கள்.

"பாய்மரத்துக்குக் காற்றுப் பார்ப்பது போல" என்றார் தாயார். அவர் வார்த்தைக்கு மேல் நான் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்நாட்களில் கோயிலின் செப அறை கலாமின் முதல் ஆய்வுக்கூடம். ஆயரின் அறையிலேதான் வரைபடங்கள் தீட்டப்பட்டன. ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கொண்டுபோகும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1966 இல் கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் இங்கே எடுத்தது அது. மாட்டுவண்டியின் மேல் செயற்கைக் கோள் இருக்கும் படமும் உண்டு. அதையும் தும்பாவோடு சேர்த்து, நம் வறுமைக்குச் சான்றாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது வேறு கதை. 1981 இல் ஏவப்பட்ட ஆப்பிள் என்னும் செய்தித்தொடர்புக் கோளின் அலைவாங்கியைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. இரும்பு லாரியில் வைத்தால் அந்த உலோகமே அலைகளைக் குழப்பிவிடும். மரவண்டி குழப்பாது. அறிவோடு செய்த காரியத்தை ஏழ்மையென்று இரங்குவது எனக்கு எப்போதும் சிறிது எரிச்சல் தரும்.

மகளோ 1967 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட நம் நாட்டு முதல் ராக்கெட்டான ரோகிணியைப் பற்றிய குறிப்பின் முன் நின்றாள். அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். வீட்டுத் தண்ணீர்க் குழாய் அளவு! அங்கிருந்து எஸ்.எல்.வி.3க்கு வர 13 ஆண்டுகள். அது 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சி வங்கக் கடலில் விழுந்தது. 1980 சூலை 18 அன்று இரண்டாம் முயற்சி ரோகிணிக் கோளைச் சுற்றுவழியில் வைத்தது. சாராபாய் அதைக் காண இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று, 52 வயதிலேயே, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கோவளத்தில் அவர் இறந்துவிட்டார். இந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஸ்.எல்.வி.யை ஏன் இங்கிருந்தே ஏவவில்லை என்று கேட்டேன். "அப்பா, பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் உந்தல் கிடைக்கக் கிழக்கே ஏவ வேண்டும். இங்கே கிழக்கே ஏவினால் ஊர்களின் மேல் போகும். கடல் மேற்கில். அதனால்தான் சிறீஹரிகோட்டா" என்றாள். ஆக, பெரிய புகழெல்லாம் கிழக்குக் கரைக்குப் போய்விட்டது. தும்பாவுக்குச் சிறு ராக்கெட்டுகள்தாம். ஆயினும் அது ஓய்ந்துவிடவில்லை. 2022 நவம்பர் 23 அன்று ரோகிணி 200 என்னும் சிறு ராக்கெட் தொடர்ந்து 200 ஆவது முறையாகத் தவறின்றி இங்கிருந்து ஏவப்பட்டது.

பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தருகே வந்ததும் தாயார் நின்றுவிட்டார். மாணவர் கூட்டம் வெளியே போயிருந்தது. முழந்தாளிடுவாரோ என்று பார்த்தேன். இல்லை. "உள்ளே ஆண்டவர் இல்லாத இடத்தில் முழந்தாளிட முடியாது" என்று கண்டிப்பாகவே சொன்னார். பழைய ஞானோபதேசம். பிறகு, "மதலேனம்மாளுக்கும் இதுதானே நேர்ந்தது. கல்லறைக்குள் எட்டிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. எங்கே எடுத்துக்கொண்டு போனார்களோ என்று அழுதாள்" என்றார்.

நான் பேசாதிருந்தேன்.

"ஏய்யா, அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆமென் சொன்னார்கள் என்கிறாயே. முதலில் சொன்னது யார்?"

"எல்லாரும் சேர்ந்து சொன்னதாகத்தான், அம்மா..."

"சேர்ந்து எப்படிச் சொல்வார்கள்? பூசையில் என்றால் பழக்கத்தில் சேர்ந்து வரும். வீட்டைக் கொடுக்கிறதற்கு யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறந்திருப்பார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்." சிறிது நேரம் கழித்து, "இங்கே ராக்கெட் கிளம்பியது. அதனால் அவரை யாரும் ஏசியிருக்கமாட்டார்கள்" என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தந்தையைப் பற்றி என் தாயார் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பேர் சொல்லாமலே பேசினார். என் மகள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. ஆச்சியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே தோட்டத்தில் நின்ற ராக்கெட் மாதிரிகளோடு படம் எடுத்துக்கொண்டோம். தாயார் அதற்கும் மறுக்கவில்லை. பிறகு பள்ளித்துறையில் எழுந்துள்ள புதிய மரிய மதலேனம்மாள் கோயிலுக்குப் போனோம். இங்கே அவர் முழந்தாளிட்டார், நெடுநேரம்.

கோயில் திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். தாயாரை விடச் சில ஆண்டுகள் இளையவராக இருக்கலாம். தாயார் தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் சொல்ல, இரண்டும் கரையோரத்து மொழிகளாதலால் பேச்சு நன்றாகவே ஓடியது. தமக்கு ஞானஸ்நானம் பழைய கோயிலில்தான் என்றார் அம்மூதாட்டி. குடிமாறிய நாளில் ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது மட்டுமே நினைவிருக்கிறதாம். யார் முதலில் ஆமென் சொன்னது என்ற கேள்வியைத் தாயார் அவரிடமும் கேட்டார். அவர் சிரித்தார். சிறு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதுபோலக் கையை விரித்தார். மேரி மதலேனா திருநாளான சூலை 22க்கு வாருங்கள் என்று அழைத்தார். அந்த நாளிலேதான் 2019 இல் சந்திரயான் 2 கிளம்பியது என்று மகள் சொன்னதை மூதாட்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

அன்று இரவு மீண்டும் நாகர்கோவிலில் தங்கினோம். காலையில் வண்டியைக் கிளப்பி ஆரல்வாய்மொழிச் சாலைக்குத் திருப்பினேன். "அங்கே வேண்டாம். கடற்கரைச் சாலையில் விடு" என்றார் தாயார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஊர் இருந்த இடத்தை அடையாளம் காண அவருக்கு ஒரு கிணறு போதுமாயிருந்தது. சுற்றிலும் உடைமரங்கள், மணல், எவரோ கட்டிவிட்டிருந்த இரண்டு ஆடுகள். கிணற்றடியில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்குள் எண்ணியவாறே கடலை நோக்கி நடந்தார். முள் குத்தும் என்று என் மனைவி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நாற்பதோ ஐம்பதோ அடிகள் இருக்கும். ஓரிடத்தில் நின்று, காலால் மணலைச் சற்று ஒதுக்கினார். கோயில் இருந்த இடம் போலும் என்று அருகே போய், "இங்கேதான் பீடமா, அம்மா?" என்று கேட்டேன்.

"பீடம் அங்கே, அந்த ஆட்டுக்குப் பக்கத்தில். இது முற்றம். அப்பா இங்கேதான் எழுந்து நின்றார்" என்றார்.

மகள் அந்த இடத்தில் ஆச்சியைப் படம் எடுத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடுகளில் ஒன்று கயிற்றில் சிக்கிக்கொண்டு கத்தவே, தாயார் போய் அதை அவிழ்த்து நீளமாகக் கட்டிவிட்டு வந்தார்.